செட் எயிட்டியா, சிக்ஸ் ஃபைவ் ஓ ரூவா?

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த பார்மசியில் எப்போதும் டெற்றோல் வாசமும் ஏதோ ஓர் இனிப்பு மருந்தின் வாசமும் கலந்திருக்கும். அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டுதான், எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

கறுப்பு ரெலிபோன். இருமல் மருந்துப் போத்தல்களுக்கு நடுவே, கண்ணாடி அலுமாரியின் மேல் இருந்தது. பார்மசி முதலாளி வேலை இருப்பதுபோல் ஏதோ மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டு நின்றார். மருந்து வாங்க வந்த இரண்டு பெண்கள், வாங்கி முடித்த பிறகும் போகவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்தபடி என்னோடு ஒட்டி நின்றார்.

"ஹலோ... தேவகியோ?"

"ஓம்."

"நான் குமரன் கதைக்கிறன். லண்டனிலையிருந்து. சுகமா இருக்கிறியளோ?"

"ஓம்."

"நீங்கள் கணிதம் படிச்சனீங்கள் எண்டு அக்கா சொன்னவ."

"ஓம்."

என் வாயிலிருந்து வேறு ஒரு சொல்லும் வராதென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அப்ப உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். செட் எயிட்டியோ, சிக்ஸ் ஃபைவ் ஓ ரூவோ? எதை எடுப்பம்? யோசிச்சு வையுங்கோ. நான் பிறகு எடுக்கேக்கை..."

லைன் போய்விட்டது.

றிசீவரை வைப்பதற்குள் அம்மா கேட்டார். "என்னவாம்?"

"செட் எயிட்டியோ எண்டு கேட்டவர்."

"செட்டியோ?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "தாலிக்கொடியை எந்தச் செட்டியாற்றை கடையிலை செய்விக்கிறது எண்டு கேக்கிறார் பிள்ளை. பாரன், என்ன பொறுப்பான பெடியன்!"

மருந்து வாங்க வந்த பெண்களில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு நகைக்கடையின் பேரைச் சொன்னார். மற்றவர் அங்கே கூலி கூட என்றார். அவர் கேட்டது நகைக்கடையைப் பற்றியல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதைப் பற்றி என்பது தெரியவில்லை.

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்த காலம் அது. ஊரில் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான்: பெடியளை எப்படி வெளியே அனுப்புவது, பெட்டையளை யாருக்குக் கட்டி வெளியே அனுப்புவது. அப்பாவிடம் இரண்டு வள்ளங்கள் இருந்தன. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு அவை கரையில் ஓலைக்குக் கீழே கிடந்தன. அப்பா காலையில் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவார். அவ்வளவுதான் அவருடைய அன்றைய வேலை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பும்போது, பின் வாங்கில் இருக்கும் ஒருத்தியின் முகத்தில் விளங்கிவிட்ட வெளிச்சம் தெரியுமே, அதற்காகவே காலையில் எழும்பலாம்.

நெல்லியடியில் இருந்த பூமணி அக்கா தன் தம்பிக்குப் பெண் கேட்டு வந்தார். தம்பி லண்டனில் கொம்பியூட்டர் இஞ்சினியர் என்றார். படத்தில் ஒரு சிவப்புக் காரில் கைவைத்தபடி மெலிந்த ஒருவர் நின்றார். சாதகம் பொருந்தியது. அப்பா தலையாட்டினார். அம்மா அழுதார், பிறகு சிரித்தார். கூறைச் சேலை என்ன நிறம் என்பதுவரை பேசி முடித்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் குறையாக நினைத்ததாகவும் ஞாபகம் இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று இருந்துவிட்டேன். எனக்கு விருப்பமா இல்லையா என்று என்னை நானே கேட்டும் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட முதற் கேள்வியே அந்த ரெலிபோன் கேள்விதான். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

பிலோ சொன்ன விளக்கம்

என்னோடு விஞ்ஞானம் படிப்பித்தவள் பிலோமினா. யாழ்ப்பாணம் குருநகர் ஆள். பள்ளிக்கூட நாட்களில் பருத்தித்துறையில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்குப் போவாள். திங்கட்கிழமை இடைவேளையில் அவளிடம் சொன்னேன்.

அவள் வாயிலிருந்த வடையோடு துள்ளினாள்.

"எடியே, உது கொம்பியூட்டரின்ரை மூளையின்ரை பேர்! எங்கடை அன்ரன் அண்ணை கப்பலாலை வரேக்கை ஒண்டு கொண்டுவந்தவர். அதுக்குள்ளை இருக்கிறது செட் எயிட்டி. ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவார்."

"அப்ப மற்றது?"

"அது வேறை கொம்பனியின்ரை மூளை. அதின்ரை பேரைச் சொன்னாலே அண்ணைக்குக் கோவம் வரும்."

"இதை ஏன் என்னட்டைக் கேக்கிறார்?"

பிலோ என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "உனக்கு ஒண்டு வாங்கி அனுப்பப் போறாரடி. எது வேணுமெண்டு கேக்கிறார். வேறை ஆக்கள் சீலை அனுப்புவினம், வாசனைச் சென்ற் அனுப்புவினம். இவர் கொம்பியூட்டர் அனுப்புறார்!"

எதை எடுப்பம் என்று அவர் கேட்டது இதற்கு நன்றாகப் பொருந்தியது. நானும் நம்பினேன். பின்னேரத்துக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் நம்பியது. அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டு, கல்யாணம் முடிந்து நான் போகும்போது அதைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அடுத்த நாளே பழைய விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறையைத் துப்புரவாக்கி, யன்னலுக்கு நீலத் திரை போட்டார்கள். கொம்பியூட்டருக்குத் தூசி ஆகாதாம்.

கடற்கரைக் கட்சிகள்

இந்த இடத்தில் அப்பாவின் என்ஜின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கரையில் இரண்டு கட்சிகள் இருந்தன. அரசியல் கட்சிகள் அல்ல. வள்ளத்துக்குப் பூட்டும் என்ஜின் கட்சிகள். இரண்டு வெளிநாட்டுக் கொம்பனிகள் அந்த என்ஜின்களைச் செய்து அனுப்பின. ஒன்றை வைத்திருப்பவர் மற்றதை வைத்திருப்பவரோடு தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்கில் இருக்கமாட்டார். ஒன்று கெதி, ஆனால் எண்ணெய் குடிக்கும் என்பார்கள். மற்றது மெதுவாகப் போகும், ஆனால் நடுக்கடலில் கைவிடாது என்பார்கள். அடுத்த நாள் அதே ஆட்கள் அதையே மாற்றிச் சொல்வார்கள்.

அப்பா ஒரு வள்ளத்துக்கு ஒன்று, மற்ற வள்ளத்துக்கு மற்றது என்று வாங்கினார். இரண்டு கட்சியும் அவரோடு பேசாமல் விட்டன.

கொம்பியூட்டர் விஷயத்தைச் சொன்னபோது அப்பா அதையும் ஒரு வள்ள என்ஜினாகத்தான் பார்த்தார். கேட்டார்: "பழுதாப் போனா இஞ்சை ஆர் திருத்துறது?"

"ரெண்டையும் திருத்த இஞ்சை ஆக்கள் இல்லை, அப்பா."

"அப்ப என்னண்டு தெரிவு செய்யிறது?" என்றார் அவர். எனக்கு இருந்த குழப்பம் அவருக்கும் வந்துவிட்டது.

குருநகரில்

அந்தச் சனிக்கிழமை பிலோவோடு பஸ் ஏறினேன். குருநகரில் அவர்கள் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. முற்றத்தில் கருவாடு காய்ந்தது. உள்ளே, லேஸ் துணி போட்ட ரீவிக்கு முன்னால் அன்ரன் அண்ணை இருந்தார். கப்பலில் றேடியோ ஒபிசர். லீவில் வந்தவர், நாட்டு நிலைமையால் திரும்பிப் போகாமல் நின்றார்.

அந்தக் கொம்பியூட்டர் ஒரு சொக்கிளேற் பெட்டி அளவுதான். சாவிகள் றப்பர். தொட்டால் செத்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. ரேப் றெக்கோடரிலிருந்து அது கீச்சிட்டுக்கொண்டு எதையோ உள்ளே எடுத்தது.

"இதுக்குள்ளை இருக்கிறது செட் எயிட்டி. மூண்டரை மெகாஹேர்ட்ஸ்," என்றார் அன்ரன் அண்ணை. "மற்றது ஒண்டு, மிஞ்சினா ரெண்டு. இதிலை யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு, தங்கச்சி?"

எண் என்றால் எனக்கு விளங்கும். மூன்றரை இரண்டைவிடப் பெரிது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் கையோடு ஒரு கணக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் பிரிபடும் முதன்மை எண்களை ஒவ்வொன்றாகத் தேடும் கணக்கு. அதை எப்படிக் கட்டளைகளாக எழுதுவது என்று அவர் காட்டித்தந்தார். றப்பர் சாவிகளைத் தேடித் தேடி அழுத்தினேன். எண்கள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரத் தொடங்கின. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு பெட்டி செய்கிறது.

"இது எப்பிடிப் பெருக்குது, அண்ணை?" என்று கேட்டேன்.

"மூளைக்குப் பெருக்கத் தெரியாது. கூட்டிக் கூட்டித்தான் செய்யுது."

"பெருக்கத் தெரியாதோ?"

"தெரியாது. ஆனா கெதியாக் கூட்டும்."

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வாய்ப்பாடு இதற்குத் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் அடிக்கும் ஒரு பெரிய சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் போனது. திரையில் இருந்த எண்கள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன.

"எழுதினது?" என்று கேட்டேன்.

"எல்லாம் போச்சு," என்றார் அன்ரன் அண்ணை. "கரண்ட் போனா இதுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது."

பிலோவின் தாயார் எங்களைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். சத்தம் அடங்கும்வரை அங்கே நிலத்தில் இருந்து, சுடச்சுட மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் சாப்பிட்டோம்.

அரியாலையில்

மற்ற மூளை அரியாலையில் இருந்தது. பல்கலைக்கழகக் கம்பஸில் படிப்பித்த ஞானசேகரம் சேர் வீட்டில். அன்ரன் அண்ணைக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் வழி சொன்னவரும் அன்ரன் அண்ணைதான். நாங்கள் இரண்டு வாரம் கழித்துப் போனோம். இடையில் ஒரு சனிக்கிழமை பஸ் ஓடவில்லை.

சேர் மிகவும் ஒழுங்கான மனிதர். கொம்பியூட்டருக்குத் தையல் மெசின் உறைபோல ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். அதன் சாவிகள் தட்டெழுத்து மெசினின் சாவிகளைப்போல் உறுதியாக இருந்தன.

"மூண்டரை எண்டு அன்ரன் சொன்னவரோ?" என்று சிரித்தார். "அந்த மூளை ஒரு சின்ன வேலைக்கு நாலு அடி எடுத்து வைக்கும், பிள்ளை. இது ரெண்டு அடியிலை முடிச்சிடும். ஆர் கெதியாக் காலை ஆட்டுறான் எண்டு பாக்கிறேல்லை. ஆர் கெதியாப் போய்ச் சேருறான் எண்டுதான் பாக்கவேணும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அதே முதன்மை எண் கணக்கை அதில் போட்டேன். குருநகரில் வந்ததைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி கெதியாக எண்கள் வந்தன. அதற்கும் பெருக்கத் தெரியாதென்று சேர் சொன்னார். ஆனால் தெரியவேண்டிய கட்டளைகள் செட் எயிட்டிக்கு ஒரு பெரிய புத்தகம் அளவு, இதற்கு மிகக் குறைவு என்று, ஒரே தாளில் அடங்கிய அவற்றைக் காட்டினார்.

பஸ்ஸில் வரும்போது மனம் இலேசாக இருந்தது. விடை கிடைத்துவிட்டது. நானே இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, நானே கண்டுபிடித்த விடை.

அந்தச் சந்தோஷம் பிலோ அடுத்த முறை வீட்டுக்குப் போய் வரும்வரைதான் நீடித்தது.

"அண்ணை கொதிக்கிறார்," என்றாள். "நீ பாத்தது மூளையின்ரை கெதி இல்லையாம். பேசிக் எண்ட மொழியின்ரை கெதியாம். அந்த மொழியை எழுதினவன் கெட்டிக்காரனெண்டா மூளை மொக்கெண்டாலும் கெதியா ஓடுமாம். மூளையோடை நேரை கதைச்சுப் பாக்கட்டாம்."

"மூளையோடை என்னண்டு நேரை கதைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் தவளை வெட்டிப் படிப்பிக்கிறவள்."

அப்போ நான் எதைத்தான் அளந்தேன்? கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதே யோசனை. இரண்டு மனிதர் சொல்வதும் சரி. இரண்டும் சரியென்றால் தெரிவு செய்வது எப்படி? கணிதத்தில் அப்படி ஓர் இடத்துக்கு நான் வந்ததே இல்லை. இரவு படுத்தால், லண்டனில் இருக்கும் அந்த மனிதர் என்னைச் சோதிக்கிறாரோ என்ற எண்ணம் வரும். பிழையான விடை சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ? நின்றால் நல்லதா, கெட்டதா? அதுவும் தெரியவில்லை.

திரும்பவும் பார்மசி

ரெலிபோன் லைன்கள் கனகாலம் வேலை செய்யவில்லை. பிறகு ஒரு நாள் பூமணி அக்கா ஆள் அனுப்பினார்: சனிக்கிழமை பின்னேரம் தம்பி எடுப்பார்.

இந்த முறை பார்மசியில் சனம் கூட. அம்மா வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

லண்டனிலிருந்து ஹலோ வந்ததும், எங்கே மறுபடி ஊமையாகிவிடுவேனோ என்ற பயத்தில் நான் கொட்டினேன். "நான் ரெண்டிலையும் இருந்து பாத்தன். ஒண்டு கெதியாக் காலை ஆட்டுது, மற்றது கெதியாப் போகுது. ரெண்டுக்கும் பெருக்கத் தெரியாது. எது நல்லதெண்டு உண்மையா எனக்கு விளங்கேல்லை."

அவர் குரல் சட்டென்று மாறியது.

"ரெண்டிலையும் இருந்து பாத்தியளோ? எங்கை?"

"ஒண்டு குருநகரிலை. ஒண்டு அரியாலையிலை."

"எனக்காகவோ?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் அனுப்பப்போற கொம்பியூட்டருக்கு," என்றேன்.

"நான்... அனுப்பப்போறனோ?"

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். தான் கொம்பியூட்டர் இஞ்சினியர் இல்லை. கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் ஒரு பெற்றோல் செற்றில் வேலை. அக்கா ஊரில் என்ன சொன்னார் என்பது தனக்குப் போன மாதம்தான் தெரியும். பின்னேர வகுப்பொன்றில் சேர்ந்து படித்தால் ஒரு வழி பிறக்கும் என்று நினைக்கிறாராம். அங்கே இரண்டு வகுப்புகள். ஒன்றில் செட் எயிட்டி படிப்பிப்பார்கள், மற்றதில் சிக்ஸ் ஃபைவ் ஓ ரூ. எதை எடுப்பதென்று தெரியவில்லை. வேலைத்தலத்தில் கேட்க ஒருவரும் இல்லை. நான் கணிதம் படித்தவள் என்று கேள்விப்பட்டதும், கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியதாம்.

"இதைச் சொல்லத்தான் எடுத்தனான். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வீட்டிலை சொல்லுங்கோ. நான் பிழையா நினைக்கமாட்டன்."

அம்மா என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சோதிக்கிறார் என்று நான் பயந்த மனிதர், என்னைப்போலவே குழம்பிப்போய் நின்றிருக்கிறார். அதோடு, இவ்வளவு நாளும் விடை இல்லாமல் இருந்த கணக்கு, அவருடைய களைத்த குரலைக் கேட்டதும் வேறு கணக்காகிவிட்டது.

"சிக்ஸ் ஃபைவ் ஓ ரூவை எடுங்கோ," என்றேன். "கட்டளையள் குறைவு. ஒரு தாளுக்குள்ளை அடங்கும். வேலை செய்து களைச்சு வந்து படிக்கிறவருக்கு அதுதான் சுகம்."

வீட்டில்

நான் உண்மையைச் சொன்னதிலிருந்து அப்பா வள்ளத்தடிக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தார். "பொய் சொல்லிச் செய்யிற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்," என்றார்.

"பொய் சொன்னது அக்காக்காரி. அவர் தானா எடுத்து உண்மையைச் சொன்னவர், அப்பா."

அப்பா நின்றார். "அப்ப உனக்கு விருப்பமோ?"

"தெரியேல்லை அப்பா. ஆனா அவர் திரும்பி எடுத்தா நான் கதைப்பன்."

அப்பா வள்ளத்தடிக்குப் புறப்பட்டார். பூமணி அக்காவுக்கு வேண்டாம் என்றும் அறிவிக்கவில்லை.

திங்கட்கிழமை அதிபர் அம்மாவிடம் கொம்பியூட்டர் வராது என்று சொன்னேன். அவர் நீலத் திரையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டார். "பறவாயில்லை, சங்கீத வகுப்புக்கு இடம் காணாமல் இருந்தது," என்றார். பிள்ளைகள் சிலர் ஒரு வாரத்துக்கு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு நான்தான் கொம்பியூட்டரைத் தராமல் விட்டவள்.

மூன்றாவது அழைப்பு

மழை தொடங்கியிருந்தது. பார்மசி வாசலில் சாக்கு விரித்திருந்தார்கள். நான் வந்ததும் முதலாளி, சொல்லாமலே எனக்கு முக்காலி எடுத்துப் போட்டார்.

"வகுப்பிலை சேந்திட்டன்," என்றார் அவர். ரெலிபோனில் வந்த குரலில் சந்தோஷம் தெரிந்தது. "செட் எயிட்டி."

"என்ன?"

"செட் எயிட்டி வகுப்பு."

"நான் சொன்னது சிக்ஸ் ஃபைவ் ஓ ரூ எல்லே?"

"ஓம், நீங்கள் சொன்னது சரிதான். ஆனா அந்த வகுப்பு வியாழக்கிழமை. வியாழன் எனக்குப் பின்னேர வேலை. செட் எயிட்டி செவ்வாய்க்கிழமை..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. பஸ் இல்லாத சனிக்கிழமையும், குசினி நிலத்தில் இருந்த மத்தியானமும், அன்ரன் அண்ணையும் ஞானசேகரம் சேரும் மாறிமாறிச் சொன்னதும் எல்லாம் சேர்ந்து வந்தது.

"செவ்வாயோ வியாழனோ எண்டதுதான் கேள்வியெண்டா அதைக் கேட்டிருக்கலாமே! நான் ஷெல்லடிக்குள்ளை போய் முதன்மை எண் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்! உங்களுக்கு செட் எயிட்டியின்ரை அந்தப் பெரிய கட்டளைப் புத்தகத்தை ஆர் சொல்லித்தாறது? வேலையாலை வந்து நித்திரை தூங்கிக்கொண்டு என்னத்தைப் படிக்கப் போறியள்?"

பார்மசியில் நின்ற எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பிழைதான்," என்றார் அவர். "இப்ப என்ன செய்யிறது?"

"இருங்கோ. நான் அங்கை வந்து பாத்துக்கொள்ளுறன்."

றிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முதலாளி மாத்திரைகளை அப்படியே விட்டுவிட்டு, வாய் முழுவதும் சிரிப்பாக என்னைப் பார்த்தார். வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்: "என்னவாம்? போறாவாமோ?"

"ஓம், போறாவாம்," என்றார் மற்றவர்.

நான் குடையை விரித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன். அம்மா பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். என்ன சொல்லிவிட்டு வருகிறேன் என்பது எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் எனக்கு விளங்கியது. நின்று யோசித்துப் பார்த்தேன். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.